சென்னையில் எங்கள் குடும்பம் தங்க இடம் தேடித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு அருகே வசிக்கும் செவிலியர். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவைப் புதிதாகத் தொடங்கவிருப்பதால், அதற்கான ஆறு மாதப் பயிற்சிக்குக் கடந்த அக்டோபரில் என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்து ஊர் திரும்பி, இப்போது பணியில் சேர்ந்துவிட்டேன். இந்த ஆறு மாதங்களும் என் மகளைப் பிரியாமல் இருந்து பயிற்சியை முடிக்க முடிந்தது என்றால் அதற்குக் காரணம் சிலர் எங்களுக்காக எடுத்துக்கொண்ட சிரமம்தான். தனித்தனியே நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பது நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் நிலையைச் சொன்னால்தான் அவர்கள் செய்த உதவியின் அளவு விளங்கும். மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறைந்திருக்கவில்லை. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன் மரத்தடியில் இருக்க வேண்டிய அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்க அவரால் முடியாது. ஆகவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் என்னுடன் வருவதாக முடிவாயிற்று. அவருக்கு மூட்டுவலி இருப்பதால் மாடிப்படி ஏற இயலாது. பயிற்சிக் காலத்துக்குரிய விடுதியில் தனியாக வரும் பெண்களுக்கு மட்டுமே இடம் உண்டு. அரசின் தோழி விடுதிகளைப் பற்றியும் விசாரித்தோம்; வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அது மிக நல்ல ஏற்பாடு என்றாலும், மாமியாரும் குழந்தையுமாகச் செல்லும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பொருந்தவில்லை. பயிற்சி இடத்துக்கு அருகே, எழும்பூரைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளில் நாள் வாடகை கொடுத்து ஆறு மாதம் இருப்பதென்றால் பயிற்சிக் காலத்தில் எனக்குக் கிடைத்த உதவித்தொகை பாதி மாதத்துக்கே காணாது.

எனவே வாடகை வீடு ஒன்றே வழி என்றாயிற்று. ஆனால் சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இன்றும் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதன் மேல் தரகருக்கு ஒரு மாத வாடகை. பதினொரு மாத ஒப்பந்தம் போடுகிற வீட்டுக்காரர்கள், ஆறே மாதத்தில் காலி செய்யப்போகிறவர்கள் என்று தெரிந்ததும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். சிலர் வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்றார்கள். மீன்குழம்பு இல்லாமல் ஒரு வாரம்கூட எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. தரகர் ஒருவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. அன்று இரவு, பயிற்சியே வேண்டாம் என்று மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் குழித்துறைப் பக்கத்தைச் சேர்ந்த, பல ஆண்டுகளாகச் சென்னையில் செவிலியராக இருக்கும் அக்கா ஒருவரின் எண் கிடைத்தது. அவர் என்னை அதற்கு முன்பு பார்த்தது கிடையாது. நிலைமையைச் சொல்லி முடிப்பதற்குள், “மக்களே, நீ அழாத, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். சொன்னபடியே தம் வார விடுமுறை நாட்களை எங்களுக்காகச் செலவழித்து, கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் புறநகர் ரயில் தடத்தில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று இறங்கி இறங்கி வீடு பார்த்தார். எழும்பூர், சேத்துப்பட்டு நிலையங்கள் அதே தடத்தில் இருப்பதால், தொலைவில் தங்கினாலும் சீசன் டிக்கெட் எடுத்தால் பேருந்தைவிடக் குறைந்த செலவில், நேரம் தவறாமல் பணிக்குப் போகலாம் என்பதும், நகரத்தின் நடுவே இருக்கும் வாடகைக்கும் இங்குள்ள வாடகைக்கும் உள்ள வித்தியாசம் பயணச் செலவைவிடப் பல மடங்கு என்பதும் அவர் கணக்குப் போட்டுச் சொன்னவை. முடிச்சூர்ப் பக்கம் மிகக் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தபோது எனக்கு உடனே ஒத்துக்கொள்ளத் தோன்றியது. 2015 வெள்ளத்தில் அந்தப் பகுதி பட்ட பாட்டைச் சொல்லி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குழந்தையோடு அங்கே தரைத்தளத்தில் இருக்கக் கூடாது என்று அவர்தான் தடுத்தார். பார்க்கிற வீட்டில் காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி எனக்கு வீடியோ அனுப்பினார். கூடப்பிறந்தவர்கள்கூட இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

தாம்பரம் சானடோரியம் நிலையத்திலிருந்து நடந்து போகிற தொலைவில் அவர் கண்டுபிடித்த வீட்டின் உரிமையாளர்களுக்கு அடுத்த நன்றி. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாவும் அவருடைய துணைவியாரும் மாடியில் இருக்கிறார்கள். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, கூடம், சமையலறை கொண்ட பகுதியை எங்களுக்குக் கொடுத்தார்கள். மாத வாடகை 8,500 ரூபாய். கடையில் வாங்கிய அச்சடித்த ஒப்பந்தத் தாளில் பத்து மாத முன்பணம் என்று இருந்த இடத்தை ஐயா பேனாவால் அடித்துவிட்டு, மேலே “மூன்று” என்று எழுதி, பக்கத்தில் தம் கையெழுத்தைப் போட்டார். பதினொரு மாதம் என்பதையும் அதேபோல் ஆறாகத் திருத்தினார். வாடகை தொடர்பாகத் தமிழ்நாடு அரசு 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது என்பதை அன்று அவர் வாயால்தான் கேட்டேன். வெளியூரில் வீடு தேடப்போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மின்கட்டண விஷயத்திலும் அவருடைய நேர்மையை எழுதாமல் இருக்க முடியவில்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமாக ஒரு விலை வைத்து வாங்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் பகுதிக்குத் தனி மின் இணைப்பு இருந்ததால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கை அப்படியே காட்டி, முதல் 100 யூனிட் இலவசம் போக மீதியை மட்டுமே கட்டச் சொன்னார். வீட்டுக்கார அம்மாவோ, முதல் வாரத்திலேயே மாமியாரை அழைத்துக்கொண்டு போய்ச் சந்தையில் எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும் என்று காட்டிக் கொடுத்தார். எனக்கு இரவுப் பணி வரும் நாட்களில் அவரும் கீழே வந்து படுத்துக்கொள்வார். மகளுக்கு ஒருமுறை நள்ளிரவில் மூச்சிரைப்பு வந்தபோது, நான் பணியில் பிறர் பெற்ற குழந்தைகளின் அருகில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், என் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் அவர். காலையில் வீடு திரும்பிய பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். அம்மா, அந்தக் கடனை நான் எந்தப் பிறவியிலும் தீர்க்க முடியாது.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கும் நன்றி. பொன்னி அரிசிச் சோறு மாமியாருக்குச் செல்லவில்லை, முகம் வாடிப்போயிருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த முறை நாகர்கோவிலிலிருந்து சரக்கு வந்தபோது அதோடு சம்பா அரிசியும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் வரவழைத்துத் தந்தார். மாலைப் பணி முடிந்து நான் ரயிலில் வந்து இறங்கும்போது மணி பத்தரை ஆகும். அந்த நேரத்தில் நிலைய வாசலில் சவாரியை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்த ஆட்டோ ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி.

ஊரில் இருந்தபடியே எங்களைத் தாங்கியவர்களும் உண்டு. முன்பணம் 25,500 ரூபாயையும் முதல் மாத வாடகையையும் சேர்த்துப் புரட்ட எங்களிடம் நகை அடகு வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் அக்காமார், கடன் கேட்டு எனக்கு முன்னால் இருவர் காத்திருந்தும், அந்த இருவரின் சம்மதத்தையும் கேட்டு வாங்கி எனக்குத் தந்தார்கள். தம் முறையை விட்டுக்கொடுத்த அந்த இருவரில் ஒருவர் கூரை மாற்றுவதற்காகப் பணம் கேட்டிருந்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். முன்பணம் முழுவதும் ஒரு ரூபாய் பிடித்தமின்றித் திரும்பக் கிடைத்த அன்றே குழுக் கணக்கில் மீதியை அடைத்துவிட்டேன். என் கணவர் முன்பதிவு இல்லாத அந்த்யோதயா ரயிலிலும், கிளாம்பாக்கம் வரும் அரசுப் பேருந்திலும் ஏறி எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அவருடைய மரங்களிலும் சேர்த்துப் பால் வெட்டிக் கொடுத்த தோட்டத்து நண்பர்களுக்கு நன்றி. அவர்களால்தான், இலையுதிர்ந்து பால்வெட்டு நிற்கும் பிப்ரவரிக்கு முன்பும் என் மகள் தன் அப்பாவை அடிக்கடி பார்த்தாள்.

பயிற்சிக்குக் குடும்பத்தோடு ஆளை அனுப்பும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் மருத்துவமனை நிர்வாகம் நான் கேட்டதும் இரண்டு மாத உதவித்தொகையை முன்கூட்டியே கொடுத்தது, அதற்கு நன்றி. பயிற்சித் தேதியை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் வீடு தேடுகிறவர்களின் பாதிச் சுமை இறங்கிவிடும். அதை நிர்வாகத்திடம் எழுத்துமூலமாகவும் தெரிவித்திருக்கிறேன்.

அடுத்த பயிற்சிக்கு எங்கள் பிரிவிலிருந்து மார்த்தாண்டம் பக்கத்துச் செவிலியர் ஒருவர் கணவருடனும் கைக்குழந்தையுடனும் போகிறார். ஐயாவிடம் கேட்டபோது, நாங்கள் இருந்த அதே பகுதியை அதே வாடகைக்கு, அதே மூன்று மாத முன்பணத்துக்கு அவர்களுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தின் நகலையும், ஆதார் நகல் முதல் காவல் நிலையத்தில் கொடுக்கும் குடியிருப்போர் விவரப் படிவம் வரை அன்று தேவைப்பட்ட தாள்களையும் ஒரு கோப்பில் போட்டு அந்தச் செவிலியரிடம் கொடுத்திருக்கிறேன். குழித்துறை அக்கா அவரிடமும் பேசிவிட்டார்.

உங்கள் எல்லோருக்கும் என் குடும்பத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

என்றும் நன்றியுடன்,
திருவட்டாறு வட்டாரச் செவிலியர் ஒருவர்