ஆச்சி வெறும் காமெடி நடிகையா?

தொண்டி

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம்தான். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது, ஆட்களுக்கு வலையைச் சரிபார்ப்பதும் டீக்கடை அரட்டையுமாகப் பொழுது போகிறது. நாட்டுப்படகில் வருகிற மீனுக்கு விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

அதெல்லாம் இருக்கட்டும். கடைசியில் போகிற போக்கில் "மனோரமா நல்ல காமெடி நடிகை, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே விட எனக்கு மனசில்லை.

பிறந்தது 1937-இல் மன்னார்குடியில் என்றாலும் வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். 1985-இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அதுவும் நம்ம ராமநாதபுரம்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அப்பா கைவிட்ட குடும்பம். அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தார், அவருக்கும் உடம்புக்கு முடியாமல் போனதும் கோபிசாந்தா என்ற அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார், பன்னிரண்டு வயசு வாக்கில். மனோரமா என்பதே நாடகக்காரர்கள் வைத்த பெயர். எஸ்.எஸ்.ராஜேந்திரன் குழுவில் 'மணிமகுடம்' நாடகம் வரைக்கும் வந்தார். நடுவில் நாடகக்காரர் ஒருவரோடு கல்யாணம், அது நிலைக்கவில்லை, கைக்குழந்தையோடு மறுபடி மேடை. சினிமாவுக்கு வருவதற்கு முன்னாலேயே இவ்வளவும் ஆகிவிட்டது.

1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் கண்ணதாசன்தான் காமெடி வேடம் கொடுத்தார். கதாநாயகி என்றால் நாலைந்து வருஷம், காமெடி என்றால் கடைசிவரை என்று அவர் சொன்னதாக மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார், ஆனால் கவிஞர் கணக்குத்தான் சரியாக வந்தது. ஆயிரம் படத்துக்கு மேல், கின்னஸ், பத்மஸ்ரீ எல்லாம் உனக்கே தெரியும்.

நான் சொல்ல வருவது மனோரமாவின் காதைப் பற்றி, எந்த ஊர்ப் பேச்சையும் கேட்டுப் பிடித்துக்கொள்கிற காது. டெல்டாவில் பிறந்து செட்டிநாட்டுத் தெருக்களில் வளர்ந்தவர், 1968-இல் 'பொம்மலாட்டம்' படத்தில் சொந்தக் குரலில் மெட்ராஸ் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார், மெட்ராஸ்காரனே அசந்துபோனான். அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணி. நாடகக்காரியாக ஒரு நாடகக்காரியே நடித்தது அது. அந்தக் குழைவும் அலட்டலும், உள்ளே கிடக்கிற பரிதாபமும் மேடையில் காலம் தள்ளியவருக்கு மட்டும்தான் வரும், யாரும் சொல்லிக்கொடுத்து வராது. பார்த்துப் பல வருஷம் ஆயிருந்தால் இன்னொரு தடவை பார், சிரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்.

இந்த வருஷம் நம்ம ஊர்த் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ராவா நாடகமா என்று கமிட்டியில் அடிதடி வராத குறை, கடைசியில் இரண்டையும் வைத்துவிட்டார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளி வேஷம் கட்டிய பெண் நாரதரோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையில் தண்ணியடித்துவிட்டு ஒருத்தன் கலாட்டா பண்ணினான். அந்தம்மா பேச்சை நிறுத்தவே இல்லை. ஆலோலம் பாடிக் கிளிகளை விரட்டுகிற சாக்கில் அவனையும் ஒரு கிளியாகச் சேர்த்து விரட்டினார், ஹார்மோனியக்காரர் டக்கென்று அதே சுருதியில் பிடித்துக்கொண்டார், கூட்டம் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது! எழுதிவைத்த வசனம் இல்லை, ரீடேக் இல்லை, விடிய விடிய நிற்க வேண்டும், தூங்கப்போகிறவனைத் தூங்கவிடக் கூடாது. மனோரமா நடித்த 'மணிமகுடம்' இந்த மாதிரி நாடகம் இல்லை, ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் முகத்தைப் பார்த்தே பேச்சை ஏற்றி இறக்குகிற வித்தை இரண்டுக்கும் பொது. 'சின்னக்கவுண்டர்' அம்மாவையும் 'நடிகன்' படத்தில் காதலில் விழுகிற வயசான அம்மாவையும் அடுத்தடுத்துப் பார், இரண்டு வருஷத்துக்குள் வந்த படங்கள், ஒரே ஆள் என்று நம்பமுடியாது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரசிகன் என்பாய். தொண்ணூறுகளில் கத்தி அழுகிற பாட்டி வேடமாகவே நிறையக் கொடுத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. அதில் பாதியை நான் பார்க்கவே மாட்டேன்.

2015 அக்டோபரில் அவர் போன அன்று நீ துபாயிலிருந்து போன் பண்ணினாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இப்படிப் பேசவில்லையே நீ.

அப்புறம், அம்மா பிறந்த ஊர் கானாடுகாத்தான்தானே, பள்ளத்தூருக்குப் பக்கத்திலேயே. எண்பதைத் தாண்டியவர், சின்ன வயசில் 'பள்ளத்தூர்ப் பாப்பா'வை, அதாவது மனோரமாவை, மேடையில் பார்த்திருக்கிறாரா என்று கேள். பார்த்திருந்தால் என்ன நாடகம், என்ன பாட்டு எல்லாம் விவரமாகக் கேட்டு எழுது, உன் அபிப்பிராயத்தைக் கலக்காமல்.

ஜூன் 14-க்கு அப்புறம் வந்தால் நல்ல மீன் சாப்பிடலாம்.

உன் மாப்ள