ராணுவ ஏர்பேண்டில் ஏஎம் இல்லாத ஸ்கேனர்: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 225–400 மெகாஹெர்ட்ஸில் ஏஎம் முறை (அலையின் வலிமையை மாற்றிப் பேச்சை அனுப்பும் முறை) இல்லாதது, சரிசெய்து தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வானொலி அலைவரிசைகளைத் தேடிக் கேட்க உதவும் உங்கள் நிறுவனத்தின் கையடக்க ஸ்கேனரைச் சென்ற மாதம் வாங்கினேன். "ராணுவ ஏர்பேண்ட் 225–400 மெகாஹெர்ட்ஸ்" என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்ததுதான் அதற்கு ஒரே காரணம். போர் விமானங்களும், வானத்திலேயே அவற்றுக்கு எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்களும் இந்த ஏர்பேண்டில் (விமானப் பேச்சுக்கான அலைவரிசைப் பகுதியில்) பேசுவதைக் கேட்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பழைய ஸ்கேனரின் பட்டன்கள் தேய்ந்துவிட்டதால் புதியது தேவைப்பட்டது.

இதில் அந்தப் பேச்சு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. விமானி பேசத் தொடங்கியதும் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் வசதி) திறக்கிறது, சிக்னல் கோடுகள் முழுதாக ஏறுகின்றன, இரைச்சலும் அடங்குகிறது. குரல் மட்டும் வருவதில்லை. எப்போதாவது வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுப்பதுபோல் ஏதோ கேட்கிறது. மோட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் 225க்கு மேல் என்எஃப்எம்மை (எஃப்எம்மின் குறுகிய வகையை) விட்டு நகர மறுக்கிறது. 118 முதல் 137 வரையுள்ள பயணிகள் விமான அலைவரிசைகளில் இதே ஸ்கேனர் ஏஎம்மில் அருமையாகப் பேசுகிறது. ஆக, ஏஎம் வசதி கருவிக்குள் இருக்கிறது. ராணுவ பேண்டில் அதைத் திறந்துவிடாமல் விற்றிருக்கிறீர்கள்.

இருமுறை உங்களுக்கு எழுதினேன். "ராணுவப் பேச்சு ரகசியமாக்கப்பட்டிருக்கும், கேட்காது" என்பது முதல் பதில். ரகசியமாக்கிய பேச்சும், ஹேவ் குவிக் போல நொடிக்குப் பலமுறை அலைவரிசை தாவும் முறையும் சாதாரண ஸ்கேனருக்கு எட்டாது என்பது எனக்கும் தெரியும். அதை நான் கேட்கவுமில்லை. தரைக்கட்டுப்பாட்டிடம் உயரம் மாற்றவும் தரையிறங்கவும் அனுமதி கேட்பது போன்றவை இன்னமும் திறந்த ஏஎம்மிலேயே நடக்கின்றன. இரண்டு ஸ்கேனர்களையும் ஒரே அலைவரிசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையதில் ஒரு விமானி சக்கரங்கள் இறங்கிவிட்டதைச் சொன்னது சொல் சொல்லாகக் கேட்டது. உங்களுடையது முழு சிக்னலைக் காட்டியபடி ஊமையாக இருந்தது.

இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் வருத்தியது: "எஃப்எம்மில் ஒலி தெளிவாக இருக்கும், மாற்றத் தேவையில்லை." எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். ஏஎம்மில் இரண்டும் சேர்ந்து சீட்டியடிக்கும். இன்னொருவரும் அழைக்கிறார் என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். வான்வழிப் பேச்சு இன்றும் ஏஎம்மிலேயே தொடர அது ஒரு முக்கியக் காரணம். ஏர்பேண்ட் ஸ்கேனர் விற்கும் நிறுவனத்துக்கு இதை ஒரு வாடிக்கையாளர் எழுதிச் சொல்லவேண்டியிருக்கிறது. ராணுவ அவசர அலைவரிசையான 243.0-ஐயும் இந்தக் கருவி எஃப்எம்மில்தான் திறக்கிறது.

225–400 முழுவதிலும் ஏஎம் தேர்ந்தெடுக்கும்படி ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) திருத்தத்தை 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இதே மாடலில் வேறொன்றை அனுப்பவேண்டாம். அதிலும் இதே ஃபர்ம்வேர்தான் இருக்கும். திருத்தம் வரும்வரை பெட்டியில் உள்ள அந்த வரியையும் நீக்கிவிடுங்கள். அதை நம்பித்தான் நான் வாங்கினேன்.

ரசீது நகலையும், மோட் மாறாததைக் காட்டும் காணொளியையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்