ஏழாம் பெட் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். நேற்றுக் காலையில் யாரையும் கூப்பிடாமல் அவனே எழுந்து போய்ப் பல் தேய்த்தான். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்து சொல்ல இப்போது தெம்பில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடன்களை எழுதிவிடுகிறேன். நள்ளிரவில் பைக்கில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு ஒரு ஜூஸ்கூடக் குடிக்காமல் திரும்பிப்போன அவன் நண்பர்கள். 19 நாளும் என் வகுப்புகளை மாற்றி மாற்றி எடுத்து, காலாண்டுத் தேர்வுத் தாள்களையும் திருத்தி வைத்த சக ஆசிரியர்கள். தூத்துக்குடியில் தனியாக இருந்த மாமியாருக்கு வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுபோன, சாயங்காலம் வீட்டு முற்றத்தில் ஜெபமாலை சொன்ன எங்கள் அன்பியத்துக்காரர்கள், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள். மதுரைக்கு இரண்டு தடவை பஸ் ஏறி வந்த எங்கள் கோயில் குருவானவர் பங்குச்சாமி. தன் சபையில் உபவாச ஜெபம் வைத்த நாத்தனார். பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள். ராத்திரி ஷிப்டில் கதவை அரையடி திறந்து, "நல்லாத்தான் இருக்கான், போய் உட்காருங்கம்மா" என்று சொன்ன நர்ஸ் பிள்ளைகள். யாரையாவது விட்டிருந்தால் என் மூளை இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். "காவல் சம்மனசுதான் காப்பாத்தியிருக்கார்." சம்மனசு என்றால் வானதூதர்; ஆளுக்கொருவர் கூடவே நின்று காப்பார் என்பது நம்பிக்கை. எட்டு வருஷமாக ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆனாலும் நீங்கள் சொல்லும்போது ஆமாம் என்று தலையாட்ட முடியாமல் சும்மா இருந்தேன். அதற்குக் காரணம் ஒரு அக்கா. இந்த மடலில் பாதிக்கு மேல் அவருக்குத்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

ஐ.சி.யு. வாசலில் யாருக்கும் பெயர் கிடையாது. உள்ளே கிடப்பவரின் பெட் நம்பர்தான் வெளியே இருப்பவரின் பெயர். நான் ஒன்பதாம் பெட். அவர் ஏழாம் பெட். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். உள்ளே அவர் வீட்டுக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் மருந்துச் சீட்டு வரும்போதெல்லாம் என்னிடம் நீட்டுவார். நான் படித்துச் சொல்லி, மருந்துக்கடைக்குக் கூடவும் போவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

அந்த ஹாலில் விளக்கை அணைக்க மாட்டார்கள். எந்த நேரத்திலும் ஸ்பீக்கர் கரகரக்கும். "அஞ்சாம் பெட் அட்டெண்டர், அஞ்சாம் பெட் அட்டெண்டர்." இரண்டு தடவை கூப்பிட்டும் போகாவிட்டால் உள்ளே ஒரு கையெழுத்துக்காக எல்லாம் காத்துக்கிடக்கும். அந்தப் பயத்தில் முதல் நான்கு ராத்திரி நான் கண்ணை மூடவே இல்லை. வீட்டுக்காரர் பணம் புரட்ட ஊருக்குப் போயிருந்தார். ஐந்தாம் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்திருக்கிறேன். அந்த அக்கா வந்து என் தோளைப் பிடித்தார்.

"நீ கண்ண மூடு தாயி. ஒன்பதாம் பெட்டுன்னு கூப்பிட்டா நான் எழுப்புதேன். ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்ன ஆவப்போவுது?"

தன் பிளாஸ்டிக் பாயை விரித்தார். நீலமும் சிவப்புமாகக் கட்டம் போட்டது. ஒரு மூலையில் கொசுவத்திச் சுருள் சுட்ட ஓட்டை. அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என் முந்தானை நுனியையும் அவர் முந்தானை நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். அவர் எழுந்தால் எனக்கு இழுக்குமாம். "கல்யாணத்துக்குப் பொறவு இப்பத்தான் முடிச்சுப் போடுதேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஹாலில் யாரும் சிரித்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் தூங்கினேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை நான் விழித்திருப்பேன், அவர் தூங்குவார். இரண்டு மணிக்கு மேல் நான் தூங்குவேன். முடிச்சு மட்டும் எப்போதும் இருக்கும்.

மறைக்கல்வி வகுப்பில் போன வருஷம் ஒரு பொடியன் கேட்டான்: "டீச்சர், காவல் சம்மனசுக்குத் தூக்கம் வராதா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு, மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்குப் போய்விட்டேன். சிறியவர்களுடைய வானதூதர்கள் தந்தையின் திருமுன் எப்போதும் இருக்கிறார்கள் என்று ஆண்டவர் சொல்கிற இடம். ஆளுக்கொரு காவல்தூதர் உண்டு என்ற நம்பிக்கைக்குத் திருச்சபை முதலில் கைகாட்டுவது அதைத்தான். உண்மையில் பொடியனின் கேள்விக்குப் பதில் தானியேல் நூலில் இருக்கிறது. அரசன் நெபுகத்னேசர் கனவில் வானத்திலிருந்து இறங்கி வருகிறவரைத் தமிழில் காவலர் என்று படிக்கிறோம். அரமேய மொழி மூலத்தில் அந்தச் சொல்லுக்கு விழித்திருக்கிறவர் என்று பொருள். பதவியின் பெயரே அதுதான். இறக்கை, வாள், வெள்ளை அங்கி எல்லாம் பிறகு.

எங்கள் பாட்டி வீட்டில் ஒரு படம் தொங்கும். உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். ஆற்றின் மேல் உடைந்த மரப்பாலம், அதில் ஒரு அக்காளும் தம்பியும், பின்னால் பெரிய இறக்கையோடு சம்மனசு. மற்றவர்கள் சம்மனசைப் பார்ப்பார்கள், எனக்குப் பாலத்தில் பலகை விட்டுப்போன இடத்திலேயே கண் நிற்கும். அந்தப் பலகையை ஏன் சம்மனசு சரிசெய்யவில்லை என்று பாட்டியைக் கேட்டு அடிவாங்கியிருக்கிறேன். படுக்கப் போகுமுன் "எனக்குக் காவலாயிருக்கிற" என்று தொடங்கும் ஜெபத்தை அந்தப் படத்துக்குக் கீழேதான் சொல்வோம். மதுரையில் அந்த ஹாலில் முதல் நான்கு நாளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சொல்லத் தொடங்கி, பாதியில் தூங்கிப்போனேன்.

பத்தாம் நாள் ராத்திரியை இனிச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு மணிக்கு வழக்கம்போல் படுத்தேன். கண் விழித்தபோது ஐந்தேகால். பக்கத்தில் அவர் இல்லை. முந்தானையைப் பார்த்தேன், முடிச்சு இல்லை. நுனியில் துணி கசங்கி நின்ற சுருக்கம் மட்டும் இருந்தது. என் கால்வரை ஒரு சேலை போர்த்தியிருந்தது, அவருடைய மாற்றுச் சேலை. அஞ்சாம் பெட் மருமகள்தான் சொன்னாள். மூன்றரை மணிக்கு ஏழாம் பெட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். எழுந்தால் இழுக்கும் என்று போட்ட முடிச்சு. உட்கார்ந்தபடியே அதை அவிழ்த்திருக்கிறார், நான் அசையாதபடி. சேலையை எடுத்துப் போர்த்திவிட்டு, அஞ்சாம் பெட் மருமகளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்: "ஒன்பதாம் பெட்டு தூங்குது. கூப்பிட்டா எழுப்பிவிடு தாயி."

அதற்குப் பிறகுதான் கதவுக்குள் போயிருக்கிறார்.

நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கையைப் பிடிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் போன நேரத்தில் நான் அவர் பாயில், அவர் சேலைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லுங்கள், என் மகனைச் சம்மனசு காப்பாற்றினார் என்று நான் எந்த வாயால் சொல்வது? ஏழாம் பெட்டில் சம்மனசு இல்லையா? அவர்கள் ஞானஸ்நானம் வாங்காதவர்கள் என்று யாராவது கணக்குச் சொன்னால் அது செல்லாது. விசுவாசிக்கும் விசுவாசமில்லாதவனுக்கும், பிறந்த எந்த மனிதனுக்கும், காவல்தூதர் உண்டு என்று 13ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். அப்படியானால் அங்கே நின்றவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

நாத்தனாரிடம் இதைக் கேட்டேன். அவள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரி. "தூதரைப் பார்த்து ஜெபிக்கிற உங்க வழக்கமே எங்களுக்கு ஒத்துவராது அண்ணி" என்று ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒருவர் என்று உறுதியாகச் சொல்லப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினும் தயங்கியிருக்கிறார். ஒருவரைக் காக்க வானத்துச் சேனையே சேர்ந்து நிற்கிறது என்பது அவர் கட்சி. சரி, ஒருவரோ சேனையோ, என் கேள்வி அப்படியே இருக்கிறது என்றேன். அவளும் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததற்காக அவளுக்கு இன்னொரு நன்றி.

பங்குச்சாமியிடம் கேட்டபோது அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தை முதல் வரியிலிருந்து படித்துப் பார் என்றார். அந்த அதிகாரம் எனக்கு மனப்பாடம். சிறையில் இரண்டு சங்கிலியால் கட்டுண்டு, இரண்டு படைவீரருக்கு நடுவே பேதுரு தூங்குகிறார். தூதர் வந்து விலாவில் தட்டி எழுப்புகிறார். இடைக்கச்சையைக் கட்டு, மிதியடியைப் போடு, மேலாடையைப் போர்த்திக்கொள் என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். இரும்புக் கதவு தானே திறக்கிறது. இதை எத்தனை வருஷம் நாடகமாகவே போட்டிருக்கிறோம்! முதல் வரியிலிருந்து படித்தால்தான் இரண்டாம் வசனம் கண்ணில் படுகிறது. அதே ஏரோது, யோவானின் சகோதரரான யாக்கோபை வாளால் கொன்றான். ஒரே வசனம். யாக்கோபுக்குத் தூதர் வந்ததாக ஒரு சொல் இல்லை. பேதுருவுக்காகத் திறந்த கதவைப் பற்றிப் பாடம் நடத்திய நான் யாக்கோபை ஒரு தடவைகூட வகுப்பில் சொன்னதில்லை.

இயேசு பிடிபடுமுன் ஜெபித்த கெத்சமனித் தோட்டத்திலும் தூதர் வருகிறார், லூக்கா எழுதியிருக்கிறார். துன்பக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆண்டவரைத் திடப்படுத்துகிறார், அவ்வளவே. சீடர்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த இடம் அது. "நீர் செல்லும் இடமெல்லாம் உம்மைக் காக்கும்படி" என்ற 91ஆம் திருப்பாடலை எங்கள் வாசல் நிலையில் ஒட்டியிருக்கிறோம். நற்செய்தியில் அந்த வரியை இயேசுவிடம் எடுத்துச் சொல்கிறவன் சாத்தான், கோயில் உச்சியிலிருந்து குதி, ஒன்றும் ஆகாது என்று. இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்த பாடத்தை அந்த ஹாலில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

பதில் கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. அடக்கத்தின்போது நாம் ஒரு மன்றாட்டுச் சொல்கிறோமே, வானதூதர்கள் உன்னை விண்ணகத்துக்கு அழைத்துச் செல்வார்களாக என்று. காவலுக்கு நின்றவரின் வேலை ஐ.சி.யு. கதவோடு முடிகிறதில்லை என்று திருச்சபை நம்புகிறது. நானும் நம்புகிறேன். அந்த அக்காவின் முன்னால் மட்டும் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்டோபர் 2, காவல்தூதர்கள் திருநாள். 1670இல் பத்தாம் கிளமெண்ட் பாப்பரசர் குறித்த நாள். நம் ஊரில் காந்தி ஜெயந்தி லீவு என்பதால் ஒவ்வொரு வருஷமும் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு அன்று ஒரு வகுப்பு வைப்பேன். இந்த வருஷம் அன்றைக்குக் காலைப் பூசை ஏழாம் பெட் பெரியவருக்காக. பெயர் தெரியாமல் யாருக்காகப் பூசை என்ற கருத்தை எப்படி எழுதுவது என்று உபதேசியார் கேட்டார். "ஏழாம் பெட்" என்றே எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வகுப்பில் அந்தப் பொடியனுக்குப் பதில் சொல்லப் போகிறேன், அவனுக்குக் கேள்வி மறந்துபோயிருந்தாலும் சரி. இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். மகன் நன்றாக நடமாடத் தொடங்கியதும் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி இங்கே உள்ள ஆஸ்பத்திரி ஹாலில் போய் உட்காரப் போகிறேன். யார் தூங்க வேண்டுமோ தூங்கட்டும், கூப்பிட்டால் எழுப்பிவிடுவேன். "வாட்ச்மேன் வேலைக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். தோபித்து நூலில் மனித உருவில் வழித்துணையாக வந்த இரபேல் தூதருக்கு நாளுக்கு ஒரு திராக்மா கூலி பேசியிருந்தார்கள், அதுவே போதும் என்றேன்.

அக்கா, நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள் யாராவது படித்து, போன மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்த, காதில் பாம்படம் போடாமல் தொங்கும் காதோடு இருக்கிற ஒரு அம்மாவைத் தெரிந்திருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன் அக்கா. பாயையும் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தேன், ஆனால் மகன் அதில்தான் படுப்பேன் என்கிறான். நீங்கள் வந்து கேட்டால் தருவான்.