தூசி இல்லாத தரை: சென்னையின் ஆட்ட நடத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நடத்துநர் ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, செய்வதைச் சொல்லிப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்துக்காக நகரத்தில் ஞாயிறுதோறும் கூடும் மேசைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வரைவை இரண்டு முறை படித்தேன். சண்டை, மந்திரம், காயம் ஆறுதல் பற்றி எழுதியிருப்பதில் எனக்குக் குறையில்லை. என் மனத்தாங்கல் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வரியோடுதான். மறைவான கதவுகளையும் வழிகளையும் கண்டுபிடிக்கப் பகடை உருட்டுவது கட்டாயம் என்கிறது அந்த வரி. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சென்ற மழைக்காலத்தில் மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் நால்வர் ஆடினோம். எங்களில் ஒரு பெண்ணுக்கு அதுதான் முதல் ஆட்டம். ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்தில் வேறு ரயில் பிடித்து வந்திருந்தார். கதையில் நாங்கள் ஒரு பாழடைந்த கோட்டையின் நிலவறையில் இருந்தோம். பாதை ஒரு சுவரில் போய் முட்டி நின்றது. நாங்கள் மூவரும் விழித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “வழியெல்லாம் தூசி என்றீர்களே, இந்தச் சுவருக்கு முன்னால் மட்டும் ஏன் தரை சுத்தமாக இருக்கிறது?”

நடத்துநர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பகடையை நீட்டினார். நான்கு விழுந்தது. “ஒன்றும் தெரியவில்லை” என்றார். மற்ற மூவரும் உருட்டினோம், கதவு தெரிய வேண்டிய எண் ஒன்று; அது யாருக்கும் விழவில்லை. அதன்பின் ஒன்றரை மணி நேரம் வந்த வழியே திரும்பி, பார்த்த அறைகளையே மறுபடி பார்த்தோம். ஆட்டம் கலைந்த பிறகுதான் தெரிந்தது, கதவு அந்தச் சுவரில்தான் இருந்தது. கதையின் மீதிப் பாதி முழுவதும் அதற்கு அப்பால் கிடந்தது. அந்தப் பெண் அதன்பின் வரவில்லை.

அந்த நடத்துநர் விதியை மீறவில்லை. அவர் கைக்கொண்டது, இவ்வகைக் கதையாட்டங்களில் பெயர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு அடிப்படை விதி. ஆறுமுகப் பகடையில் ஒன்று விழுந்தால் கதவு கண்ணில் படும். ஆடுபவர் ஏற்கக்கூடிய கற்பனை இனங்களில் ஒன்றான எல்ஃப் இனத்தவருக்கு மட்டும் ஒன்றோ இரண்டோ எது விழுந்தாலும் செல்லும். ஒரு கதவுக்கு ஒருவருக்கு ஒரே வாய்ப்பு. எங்களில் எல்ஃப் யாரும் இல்லை. நால்வர் உருட்டி நால்வருமே தவறவிட இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன், 48 விழுக்காடு வருகிறது. நம் பாட்டிமார் ஆடிய தாயக்கட்டத்தில்கூடத் தாயம் விழாதவர் அடுத்த சுற்றில் மறுபடி உருட்டலாம்.

ஆனால் அந்தப் பழைய விதி தனியாக நிற்பதில்லை. பத்தடிக்குப் பத்தடி இடத்தைத் தேட ஒரு சுற்று, அதாவது பத்து நிமிடம் ஆகும். ஒரு பந்தம் ஆறு சுற்றுதான் எரியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அலைந்து திரியும் பூதம் ஏதும் வருகிறதா என்று நடத்துநர் உருட்டிப் பார்ப்பார். தேடுவதற்கு இப்படி ஒரு விலை இருந்தது. இந்தச் சுவரில் பத்து நிமிடம் செலவழிக்கலாமா, பந்தம் தாங்குமா என்று நால்வரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அந்தப் பேச்சுதான் ஆட்டம். உங்கள் வரைவில் பந்தக் கணக்கும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. விலையை எடுத்துவிட்டு உருட்டலை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது அதிர்ஷ்டச் சீட்டு மட்டும்தான்.

இதே ஆட்டத்தின் 1974இல் வந்த முதல் பதிப்பு இன்னும் தாராளமானது. தேடும் மனிதருக்கு ஒன்றோ இரண்டோ விழுந்தால் போதும், எல்ஃபுக்கு நான்கு வரை செல்லும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், உருட்டாமலே பத்தோடு அவரவர் பாத்திரத்தின் கவனக்கூர்மை எண்ணைக் கூட்டி ஒரு நிலையான எண் வைத்துக்கொள்ளலாம்; கதவு தெரிகிறதா என்பதை நடத்துநர் அதைக் கொண்டே பார்த்துக்கொள்வார். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நடத்துநர் வாய்விட்டு “எல்லோரும் உருட்டுங்கள்” என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்ன கணமே அங்கே கதவு இருப்பது தெரிந்துபோகிறதே! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். பகடை வேண்டும் என்றே நீங்கள் முடிவுசெய்தாலும், அதை நடத்துநர் தன் முன்னால் வைத்திருக்கும் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டட்டும். கதவே இல்லாத சுவருக்கும் உருட்டட்டும்.

நான் உண்மையில் கேட்பது வேறு. ஒளித்து வைத்த கதவைக் கட்டியவன் ஒருவன் இருக்கிறான். எதிரி நுழைந்தால் தப்பியோட வழி வைத்த அரசனா, பொன்னைப் பதுக்கிய கணக்கனா, சுங்கத்துக்குத் தெரியாமல் சரக்கை இறக்கிய வணிகனா என்பதைப் பொறுத்துக் கதவு மாறும். அரசனின் கதவு உள்ளிருந்து சட்டெனத் திறக்க வேண்டும். கணக்கனுடையது திறக்க நேரமெடுத்தாலும் பாதகமில்லை. வணிகனுடையதில் மூட்டை நுழைய வேண்டும், ஆகவே வாசல் அகலம், தரையில் இழுத்த தடம். இதையெல்லாம் நடத்துநர் முன்கூட்டியே யோசித்துவிட்டால் தடயங்கள் தாமாக வரும்.

திருவல்லிக்கேணியில் என் பாட்டி வீட்டில் அரிசிக் குதிருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை இருந்தது. சுண்ணாம்பு பூசிச் சுவரோடு சுவராக வைத்திருந்தார்கள். எட்டு வயதில் அதை நான் கண்டுபிடித்தேன். ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கறுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் கறை கோடு கிழித்தாற்போல் நேராக நின்றது. பலகையில் ஓதம் ஏறவில்லை. உள்ளே இருந்தவை பழைய பத்திரங்களும் ஒரு வெள்ளிக் கும்பாவும்தான். ஆனாலும் அந்தப் பிற்பகலை நான் மறக்கவில்லை.

ஓதக்கறை, சுவருக்குள் நுழைந்து மறையும் எறும்புச் சாரி, காற்றே இல்லாத அறையில் ஒரு பக்கம் சாயும் சுடர், கற்தரையில் கால்வட்டக் கீறல் என்று எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது வரைபடம். வெளித்தாழ்வாரம் நாற்பதடி, உள்ளே இரண்டு அறையும் சேர்ந்து முப்பதடி என்றால் மீதிப் பத்தடி எங்கே? காகிதத்தில் வரைந்துகொண்டே வருபவர் இதைப் பிடித்துவிட்டால் அவரிடம் பகடை கேட்பது அநியாயம்.

எனவே இரண்டாம் பக்கத்தில் அந்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: ஆடுபவர் சரியான இடத்தைச் சரியான காரணத்தோடு சொல்லிவிட்டால் கதவு தெரியும், உருட்டல் வேண்டாம். ஒன்றும் தோன்றாமல் பொதுவாகத் தேடினால் நேரம் செலவாகும், பந்தம் கரையும், அப்போது பகடை வரட்டும். கதை முன்னே நகர ஒரே வழியாக மறைகதவை வைக்கக் கூடாது. மறைகதவுக்கு அப்பால் குறுக்கு வழியோ புதையலோ பழைய இரகசியமோ இருக்கலாம், கதையே அங்கே அடைபட்டுக் கிடக்கக் கூடாது.

திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் சாதாரணக் கதவையும், சுவராகவே கட்டப்பட்ட கதவையும் வேறுபடுத்துங்கள். பழைய விதிகளில் அந்தப் பிரிவினை உண்டு. முன்னதைச் சீலையை விலக்கியவர் யாராயினும் பார்ப்பார்.

இப்படிச் செய்தால் எல்லாக் கதவையும் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. சுத்தமான தரையை நால்வரில் ஒருவர்தான் கவனித்தார். நான் ஆறு ஆண்டுகளாக ஆடுகிறேன், நான் கவனிக்கவில்லை.

அந்தப் பெண்ணோடு சென்ற வாரம் தொலைபேசியில் பேசினேன். புதிய விதிகள் எழுதப்படுவதைச் சொன்னேன். இரண்டாம் பக்கம் முடிவானதும் அனுப்பச் சொன்னார், படித்துப் பார்த்துவிட்டு வருவதா வேண்டாமா என்று சொல்கிறாராம். முடிவானவுடன் எனக்கு ஒரு படி அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசைகளில் ஆடும் ஒருவர்
சென்னை