கதை முடிந்த பிறகு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பியதைக் கேட்டேன். பொன்னியின் செல்வனை முடித்துவிட்டாய், சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை என்றாய். ஒரு கதைக்குப் போய் இப்படி ஆகுமா என்றும் கேட்டாய். ஆகும் பாப்பா. ஐந்து பாகமும் மெல்பர்ன் டிராமிலும் படுக்கையிலும் அவர்களோடுதானே இருந்தாய்? வந்தியத்தேவன் அடுத்து என்ன துடுக்காகப் பேசுவான் என்று அவன் வாயைத் திறக்கும் முன்பே தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டாய். விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் வீடு இருக்குமே, அப்படித்தான் இருக்கும்.

நான் இதைப் புத்தகமாகப் படிக்கவில்லை. செம்பவாங் கப்பல்பட்டறையில் வேலை பார்த்த உங்கள் தாத்தா, வாரப் பத்திரிகையில் வந்த அத்தியாயங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருந்தார். பழுப்பேறிய தாள். நூல் இழுத்த ஓரத்தில் எழுத்து பாதி உள்ளே போயிருக்கும், விரலால் விரித்துப் பிடித்துப் படிக்க வேண்டும். மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசிக் கட்டு வந்ததும் தீர்ந்துவிடுமே என்று ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்தான் படித்தேன். மணிமேகலை கண்ணை மூடிய இடத்தில் அழுதுவிட்டேன். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. மைலோ கலந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் அந்தப் பக்கம் தெரியும் அல்லவா.

ஆமாம், முடிவுரையைப் படித்தாயா? இல்லையென்றால் முதலில் அதைப் படி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் படித்தவர்களுக்கும் கதை முடிந்தபோது மனசு ஆறவில்லை. அப்புறம் அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று கேட்டார்கள். கல்கி அதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். அதே 1954 டிசம்பரில் அவரும் காலமாகிவிட்டார். அந்த வாசகர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. கதையும் போய், கதை சொன்னவரும் போய்விட்டார்.

உடனே இன்னொரு பெரிய நாவலை எடு என்று உன் தோழி சொன்னாளாமே, எனக்கு அதில் சம்மதமில்லை. வருகிறவனையெல்லாம் வந்தியத்தேவனோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பாய், அந்தப் புத்தகம் பாவம். கொஞ்ச நாள் சும்மா இரு. அவ்வளவு ஆசையாக இருந்தால் முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படி. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் அவன் குதிரையில் வருகிறானே, அது. அவனுக்கு என்னென்ன நடக்கப் போகிறது என்று இப்போது உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. முதல் தடவை படித்த மாதிரியே இருக்காது.

தாத்தாவின் கட்டுகள் வீடு மாறும்போது கரையானுக்குப் போய்விட்டன. அதனால் இன்று காலை அங் மோ கியோ நூலகத்தில் முதல் பாகத்தை எடுத்து வந்துவிட்டேன். மூன்று வாரத் தவணை, எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடு, நந்தினியைப் பற்றிப் பேச வேண்டும். அவள் மேல் தப்பே இல்லை என்கிறேன் நான். அப்பா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். நீ யார் பக்கம்?

அன்புடன்,
அம்மா