சுக்கான் யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்களின் தன்னம்பிக்கை பற்றிய உங்கள் கட்டுரையில் நீச்சல், மலையேற்றம் எல்லாம் வந்தன; பாய்மரப் படகு மட்டும் விட்டுப்போயிற்று. பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படகோட்டச் சொல்லித்தருகிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதல் நாள் நாங்கள் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான். காற்று பலமாக அடித்துப் படகு சாய்ந்தால் பாயின் கயிற்றை விட்டுவிடு. பாய் படபடக்கும், படகு நிமிர்ந்துவிடும். ஆனால் பயந்த கை இறுகத்தான் பிடிக்கும். ஒரு பையன், பள்ளியில் யாரோடும் பேசமாட்டான் என்று அம்மா சொல்லி அனுப்பியவன், மூன்று நாள் உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கயிற்றைப் பிடித்திருந்தான். நான்காம் நாள் விட்டான். படகு நிமிர்ந்து நின்றது. என் பக்கம் திரும்பி, "நான்தான் நிறுத்தினேன்" என்றான். அவன் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அவன் ஓட்டியது ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர் படகு. ஒரு பிள்ளை மட்டுமே ஓட்டுவது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் இழுக்காது; மாறி மாறிக் குறுக்காகப் போய்த்தான் முன்னேற வேண்டும். எப்போது திருப்புவது என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. தப்பினால் படகு நின்றுவிடும், மறுபடி காற்றைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணக்காரர்களின் விளையாட்டு என்பார்கள். சரி, பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால் 1947இல் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் இந்தப் படகை வடிவமைத்ததே, சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்காக, ஒட்டுப்பலகையில் மலிவாகச் செய்ய முடிகிற மாதிரிதான்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ஒரு சுற்று கூட்டிப்போய்ப் படமெடுத்து அனுப்பிவிடும் கிளப்புகளைப் பார்த்திருக்கிறேன். அது உலா. ஹன்சா 303 மாதிரிப் படகில் இருவர் தாழ்வாக, முன்பக்கம் பார்த்து உட்காரலாம். இடம் மாறாமல் ஜாய்ஸ்டிக்கால் திருப்பலாம். அடியில் எடை இருப்பதால் எளிதில் கவிழாது. நடக்க முடிந்தவனும் முடியாதவளும் அதில் ஒரே பந்தயத்தில் போட்டியிடலாம். அப்படியிருந்தும், 2000 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இருந்த பாய்மரப் படகோட்டத்தை அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிதாகத் தொடங்கும் கிளப்புகள் படகு வாங்குவதற்கு முன்னால் படகுத்துறையில் ஒரு தூக்கி இயந்திரம் வைக்கட்டும். எங்களிடமும் முன்பு சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணை நாலு பேர் கையில் தூக்கித்தான் படகில் இறக்கினோம். அது பிடிக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு மூன்று வாரம் ஆனது. அப்புறம் இயந்திரம் வாங்கினோம். இப்போது அதன் பொத்தானை அவளே அழுத்திக்கொள்கிறாள்.

அன்புடன்,
ஒரு படகோட்டப் பயிற்சியாளர்