அம்மாவோட கப்பல் தட்டும் நம்ம பிளக்கும்

டேய் மச்சான்,

எப்படி கீற? போன் போட்டா வண்டில போறேன் அப்பால பேசறேன்னு கட் பண்ணிடற, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. ராயபுரம் வீட்ட இடிச்சி கட்டப்போறோம், ஒருவழியா தம்பியும் கையெழுத்து போட்டுட்டான். போன வாரம் பரண காலி பண்ணேன். அண்டா, தவலை, காயின் இல்லாத நம்ம கேரம் போர்டு, ஒரு ட்ரங்கு பொட்டி, அதுக்குள்ள பழைய பேப்பர் சுத்தி அம்மாவோட கப்பல் தட்டு, அதான் கப்பல்ல வந்த ஃபாரின் பீங்கான் தட்டு!

ஞாபகம் கீதா? அப்பா ஹார்பர்ல இருந்தப்போ பர்மா பஜார்ல வாங்கினது. அம்மா அதுல ஒருத்தருக்கும் சோறு போட்டதில்ல, பொங்கலுக்கு பொங்கல் எடுத்து தொடச்சி மறுபடி பொட்டிக்குள்ள வெச்சிடும். ஆறு வாங்கினது, இப்போ எண்ணினா அஞ்சு தான். ஆறாவது எங்கன்னு உனக்கும் எனக்கும் மட்டும் தான் தெரியும். நீ உடைச்ச, நான் சில்லெல்லாம் பொறுக்கி காசிமேட்டு கல்லுக்கு அந்தாண்ட போட்டுட்டு வந்தேன்.

திருப்பி பாத்தா அடியில நோரிடேக், ஜப்பான்னு போட்டிருக்கு. டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சா பின்னாடி வெச்ச விரலு நிழலா தெரியுது, நகத்தால தட்டினா கோயில் மணி மாதிரி நீளமா ஒரு சத்தம். சரி யார்ரா இவனுங்கன்னு ரெண்டு ராத்திரி தூங்காம படிச்சேன் (என் பொண்ணு சிரிக்குது).

1876ல மொரிமுரான்னு ஒருத்தர் டோக்கியோல ஏற்றுமதி கம்பெனி ஆரம்பிச்சி தம்பிய நியூயார்க்குக்கு அனுப்பி அங்க ஒரு கடை போட்டிருக்காரு. பொம்மை, விசிறி, பூ ஜாடி இப்படி எல்லாம் வித்திருக்காங்க. அப்பால பீங்கான நாமளே செய்யலாம்னு 1904ல நகோயா பக்கத்துல நோரிடேக்ன்ற ஊர்ல ஃபேக்டரி. கம்பெனி பேரு அப்போ வேற, ஊர் பேரே கம்பெனி பேரா ஆனது 1981ல தான். அமெரிக்காகாரன் கேட்டது வெள்ளை வெளேர்னு டின்னர் செட்டு. கப்பு வந்துச்சி, ஜாடி வந்துச்சி, ஆனா சாப்பிடற பெரிய தட்டு மட்டும் வரல மச்சான், பத்து வருஷம்! சூளைல மண்ணு சுருங்கும்ல, அகலத் தட்டா இருந்தா நடுவுல தொங்கிடும், இல்லன்னா ஓரம் கோணிக்கும். ஒரு தட்டு தட்டையா வர்றதுக்கு பத்து வருஷம்னா எவன் துட்டு போடுவான் சொல்லு, நம்ம ஊரா இருந்தா ரெண்டாவது வருஷமே ஷட்டர இறக்கிட்டு வட்டிக்கு விட்டிருப்பானுங்க. 1914ல தான் முதல் செட்டு, பேரு செடான், நேரா அமெரிக்காவுக்கு கப்பல் ஏறிடுச்சி.

எனக்கு ரொம்ப புடிச்சது வேற. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சி 1946ல மறுபடி தட்டு செய்ய ஆரம்பிச்சப்போ நல்ல மண்ணு இல்ல, ஆளும் இல்ல, தரம் பழைய மாதிரி வரல. அதனால அதுல நோரிடேக்னு போடாம கொஞ்ச காலம் ரோஸ் சைனான்னு வேற பேர்ல வித்திருக்கானுங்க. நம்ம மெக்கானிக் லைன்ல எல்லாரும் உல்டாவா பண்ணுவானுங்க, டூப்ளிகேட்டுல ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டுவானுங்க.

இப்போ உனக்கு மேட்டருக்கு வரேன். இதே கம்பெனில இருந்து 1917ல பிரிஞ்சது தான் டோட்டோ, அதான் பெரிய ஓட்டல் டாய்லெட்ல பாப்பியே. 1919ல பிரிஞ்சது கரண்டு கம்பத்துல மாட்டற பீங்கான் இன்சுலேட்டர் செய்யற கம்பெனி. நம்ம ஏரியால கடல் காத்துல உப்பு படிஞ்சி முதல் தூறல்லயே டப்புனு கரண்டு போவுமே, அந்த பீங்கான் சாதி தான். அதுல இருந்து 1936ல பிரிஞ்சது இன்னான்ற? என்ஜிகே பிளக்கு, வண்டி இன்ஜின்ல மாட்டற ஸ்பார்க் பிளக்கு! முப்பது வருஷமா நாம கழட்டி, உப்புத்தாள் போட்டு தேச்சி, ஊதி, மாட்டினது. பிளக்குல நடுவுல வெள்ளையா வரி வரியா இருக்குமே, அதோட பாட்டி தான் எங்கம்மா பொட்டில பூட்டி வெச்ச தட்டு. இப்போ பிளக்குல போடறது அலுமினா, அதான் அலுமினியம் ஆக்சைடு, மண்ணு இல்ல, இருந்தாலும் சொந்தம் சொந்தம் தான.

கடைல பசங்ககிட்ட சொன்னேன், ஒருத்தனும் நம்பல. இன்னாண்ணே காலைலயேவான்னு கேக்கறான் ஒருத்தன்.

தம்பி தட்ட வித்துடலாம்ன்றான். நான் தரமாட்டேன்னுட்டேன். வீடு இடிக்கறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம வா, வஞ்சிரம் வாங்கி வெக்கறேன், அதுலயே போட்டு சாப்பிடுவோம். நீ, நான், தங்கச்சி, என் பொண்ணு, தம்பி, அஞ்சு தட்டு கணக்கு சரியா வருது. என் வீட்டுக்காரி கேட்டா ஆறாவது பர்மா பஜார்லயே குறைச்சி குடுத்துட்டான்னு சொல்லிடு, நான் அப்படி தான் சொல்லி வெச்சிருக்கேன்.